டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பத்தியம்

மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டும்போதே அவர் முகத்தில் ஒரு பெருமை. வெறும் வயிற்றில் 108. "பாத்தீங்களா சார், கன்ட்ரோல்ல இருக்கு." மளிகைக் கடைக்காரர், சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. கூடவே எடுக்கச் சொல்லியிருந்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு, அடுத்த தாளில் இருந்தது: 9.8.

பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் இவர் சாமியார் சார். காபில சர்க்கரை கிடையாது, ராத்திரி ரெண்டு இட்லியோட எந்திரிச்சிருவார். ரத்தம் குடுத்துட்டு வந்ததும் நேரா பஜ்ஜிக் கடைதான்."

என்னிடம் வருபவர்களில் பலருக்கு டெஸ்ட் என்பது பரீட்சை, நான் வாத்தியார். வாரத்தில் மூன்று நாள் மாத்திரையை மறப்பவர்கூட அந்த வாரம் மட்டும் வேளை தவறாமல் போட்டுவிடுவார். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அந்த ஒரு காலையின் கணக்குதான். எச்பிஏ1சி அப்படியில்லை. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். ரெண்டு நாள் பத்தியத்தில் அது உதிராது. 9.8 என்றால், போன இரண்டு மூன்று மாதமாக அவருடைய சர்க்கரை சராசரியாக 235 வாக்கில் இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்களிடம் நாங்கள் கேட்பது 7-க்குக் கீழே, அதாவது சராசரி 154. வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவோம். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சியும் ஏமாற்றும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்வோம்.

"சரி, காலைக் காட்டுங்க" என்றேன். (சர்க்கரைக்காரர்கள் செருப்பை வாசலில் விட வேண்டாம் என்று என் கிளினிக்கில் எழுதியே வைத்திருக்கிறேன்.) குனிந்தவர் திகைத்துப்போனார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது மாடிப்படியில் கிடக்க, ரிசப்ஷன் பெண் எடுத்து வந்தாள். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தினேன். 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைகிற இழை அது. தொடுவது தெரிந்தால் "ம்" என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல், குதிகாலுக்கு முன்பக்கம், நடுப்பாதம் என்று நான்கு இடம் வைத்துவிட்டேன். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஆரம்பிக்கலாமா சார்?"

சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பு கெடும், அதிலும் நீளமான நரம்புகள் முதலில் கெடும். அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. பிறகு ஒன்றுமே இருக்காது. "இப்ப எரியறதே இல்ல சார், சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். எரிகிறதே என்று சுடுதண்ணீரில் காலை வைத்து வெந்துபோனவர்கள், கால் ஆணியை பிளேடால் சீவியவர்கள், உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு உள்ளங்காலில் கொப்புளத்தோடு வந்தவர்கள் என எல்லோரையும் பார்த்திருக்கிறேன். யாருக்கும் வலிக்கவில்லை. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரத்துப்போகலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கண்ணும் சிறுநீரகமும் இப்படித்தான், சத்தம் போடாமல் கெடும். சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும். விழித்திரையையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

"9.8-லிருந்து கொஞ்சம் குறைஞ்சா மட்டும் என்ன சார் ஆயிடப் போகுது?" என்றார். நியாயமான கேள்விதான். 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று உண்டு. டைப் 2 நோயாளிகளைச் சுமார் பத்து வருடம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு எச்பிஏ1சி 7.0, இன்னொன்றுக்கு 7.9. அந்த 0.9 வித்தியாசத்திலேயே கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தநாளப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன.

மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். டெஸ்ட்டுக்கு என்று பத்தியம் வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுவிட்டு வாருங்கள், சாப்பிட்டபின் எடுக்கும் டெஸ்ட்டுக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணுங்கள் என்றேன். ராத்திரி கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கவும் சொன்னேன். பின்பக்கம் வார் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு என்றதும் தயங்கினார். "கடைக்குள்ள செருப்பு போட மாட்டேன் சார். லட்சுமி இருக்கற இடம்."

மூன்று மாதம் கழித்து வந்தார். வெறும் வயிற்றில் 132. முகம் வாடியிருந்தது. "கூடிடுச்சே சார்." அடுத்த தாளைப் புரட்டினேன்: 7.9. போன தடவை கொண்டுவந்த 108-ஐவிட இந்த 132 எனக்குப் பிடித்திருந்தது. செருப்பைப் பற்றிக் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "தெருவுல ஒண்ணு, கடைக்குள்ள போடறதுக்குன்னே இன்னொண்ணு. லட்சுமிகிட்ட சொல்லிட்டேன்."