டெர்மினலில் ஒரு பச்சைக்கிளி

பைத்தானில் எழுதிய சின்ன புரோகிராம். டெக்ஸ்ட் ஃபைலில் எழுத்துகளாலேயே வரைந்த ஒரு கிளியை எடுத்து, உடலுக்குப் பச்சையும் மூக்குக்குச் சிவப்பும் பூசி, சுற்றிலும் சட்டம் போட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையான டெர்மினலில் காட்டுகிறது. எழுதிய மாணவருக்கு இரண்டு சந்தேகம். வலது பக்கச் சட்டம் ஏன் வரிக்கு வரி கோணுகிறது? ஃபைலில் சேமித்தால் நடுநடுவே [32எம் என்ற குப்பை எங்கிருந்து வருகிறது?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எழுத்துகள் போகும் அதே குழாயில், எழுத்தோடு எழுத்தாக, ‘இனிமேல் பச்சை’ என்ற கட்டளையும் போகிறது. டெர்மினல் தன் பேனாவை மாற்றிக்கொள்கிறது. மறு உத்தரவு வரும்வரை எழுதுவதெல்லாம் பச்சை.

கட்டளையின் தொடக்கம் எஸ்கேப்; எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 27. அடுத்து இடது சதுர அடைப்பு. பிறகு எண்: 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம் (32 பச்சை), 40 முதல் 47 வரை பின்னணி, 0 என்றால் எல்லாம் பழைய நிலைக்கு. முடிவில் சின்ன எம். 1978-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினல் காலத்து இலக்கணம் இது. விடி100-க்கு நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல் இவற்றுக்குத்தான் அங்கே இதே எம்.

இதில் ரசிக்கவேண்டியது அந்தக் கடைசி எழுத்து. ஆஸ்கியில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் 48 முதல் 57 வரை இருக்கின்றன. எண்களைப் பிரிக்கும் அரைப்புள்ளி 59. கட்டளையை முடிக்கும் எழுத்தோ 64-க்கும் 126-க்கும் இடையில் இருந்தாக வேண்டும்; எம் 109. ஆகவே கட்டளை என்னவென்று தெரியாத டெர்மினலுக்கும் அது எங்கே முடிகிறது என்று தெரியும். பேசாமல் விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகலாம். பின்னால் 256 நிறங்களும், அதன் பிறகு சுமார் 1.68 கோடி நிறங்களும் இதே வாக்கியத்துக்குள் வந்து உட்கார முடிந்தது இதனால்தான்.

எம்மை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். 32-க்குப் பின் எம் இல்லாமல் ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்று அச்சிட்டால், பெரிய எச் முடிவெழுத்தாகிவிடும். எச் என்பது கர்சரை நகர்த்தும் கட்டளை. கர்சர் 32-வது வரிக்குத் தாவும், அத்தனை வரி இல்லாவிட்டால் கடைசி வரிக்கு. அங்கே எச் இல்லாத மீதி நாலெழுத்து மட்டும் விழும். டர்போ சி என்ற பழைய சி மொழிக் கருவியின் ‘டெக்ஸ்ட்கலர்’ ஃபங்ஷனோடு நின்றுவிடும் பாடத்திட்டங்கள் மாணவர்களிடமிருந்து பறிப்பது இந்த விளையாட்டைத்தான்.

இனி கோணல் சட்டம். இந்தப் புரோகிராம் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் நிறமும் பின்னால் 0 கட்டளையும் வைக்கிறது. முன்னது 5 எழுத்து, பின்னது 4. கண்ணுக்குத் தெரியாத இந்த 9-ஐயும் பைத்தான் நீளத்தில் சேர்த்துவிடும். வரியில் பத்து எழுத்துக்கு நிறம் பூசினால் 90 அதிகம். ‘40 வரை இடைவெளி நிரப்பு’ என்றால், ‘எப்போதோ தாண்டியாயிற்று’ என்று அது சும்மா இருந்துவிடும்; சட்டம் கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் வெறும் எழுத்தை 40-க்கு நிரப்பி, அப்புறம் நிறம் பூச வேண்டும். தமிழ் எழுத்தால் வரைந்தால் அதுவும் போதாது: ‘கிளி’ நமக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு.

அந்த 0 கட்டளையை எழுத்துக்கு எழுத்து திருஷ்டிப் பொட்டு மாதிரி வைத்தவர், தேவையான இரண்டு இடங்களில் விட்டிருக்கிறார். வானத்துக்காக நீலப் பின்னணி போடும் வரியில், 0 வருவதற்கு முன்பே புதுவரி வந்துவிடுகிறது. கர்சர் திரையின் அடியில் இருந்தால் பல டெர்மினல்கள் புதிதாக ஏறும் வரியை வலது ஓரம்வரை நீலமாக்கிவிடும். இன்னொன்று, பாதியில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ஷெல்லும் பச்சையாகவே நிற்கும். பைத்தானின் ‘ட்ரை - ஃபைனலி’யில், எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் 0 கட்டளையை வையுங்கள். புரோகிராமை ஒரேயடியாகக் கொல்லும் ‘கில் மைனஸ் 9’-க்கு அதுவும் ஓடாது; அப்போது ‘ரீசெட்’ என்று அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபைல் குப்பைக்கு மருந்து எளிது. ஃபைலுக்குப் பேனா இல்லை, கட்டளையை அப்படியே எழுதிவைக்கும். ‘இஸ்-ஏ-டிடிஒய்’ ஃபங்ஷனால் வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று கேட்டு, இல்லையென்றால் நிறத்தை விட்டுவிடுங்கள். நிறம் வேண்டாம் என்று பயனர் சொல்லிவைக்கும் நோ_கலர் என்ற சூழல் மாறியில் ஏதாவது மதிப்பு இருந்தாலும் அப்படியே.

இன்னொன்று, 32 என்பது எந்தப் பச்சை என்பதைத் தீர்மானிப்பது டெர்மினலின் தீம். கிளிப்பச்சையேதான் வேண்டுமென்றால் 256 நிறத் தொகுதிக்குப் போகலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 5 வரை அளவு: 16 + 36×சிவப்பு + 6×பச்சை + நீலம். முழுப் பச்சை 46, முழுச் சிவப்பு 196.

அடுத்த பதிப்புக்கு ஒரு யோசனை: ▀ என்ற அரைக்கட்டம். எழுத்தின் நிறம் மேல்பாதிக்கு, பின்னணி கீழ்பாதிக்கு. டெர்மினல் கட்டம் அகலத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு உயரம் என்பதால் ஒவ்வொரு பாதியும் கிட்டத்தட்ட சதுரம். 80×24 திரையில் 80×48 புள்ளிகள் கிடைக்கும். 1.68 கோடி நிறங்களுக்கான முழு நிறக் கட்டளை ஒன்று 19 பைட் வரை போகும். கட்டத்துக்கு இரண்டு கட்டளை, ▀-க்கு 3 பைட், ஆக 41. மொத்தம் 1,920 கட்டத்துக்கு 78,720 பைட். முந்தைய கட்டத்தின் நிறத்தை நினைவில் வைத்து, மாறும்போது மட்டும் கட்டளை அனுப்பினால் பெரும்பாலும் பச்சையான கிளிக்கு இதில் சிறு பங்கே செலவாகும்.