வாங்கினாலும் விற்றாலும் வரி: ஊக வணிகர் சிக்குவாரா?

நிதிப் பரிவர்த்தனை வரி என்பது பெயர் மிரட்டுகிற அளவுக்குச் சிக்கலானதில்லை. பங்கோ, கடன் பத்திரமோ, அந்நியச் செலாவணியோ கைமாறும்போது அதன் மதிப்பில் ஒரு துளியை அரசு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று கேட்காது.

இத்தனூண்டு வரி ஊக வணிகரை, அதாவது விலை ஏறி இறங்குவதை நம்பி அடிக்கடி வாங்கி விற்பவரை, என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% என்று வைத்துக்கொள்வோம். பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருந்து விற்பவருக்கு மொத்தமே சுமார் 0.2% தான் போகும், ஆனால் அதே தொகையைத் தினமும் ஒருமுறை வாங்கி விற்று உருட்டுபவர், வருடத்தில் 250 வர்த்தக நாட்கள் என்றால், கிட்டத்தட்ட போட்ட முதலீட்டில் பாதியை வரியாகவே கட்டியிருப்பார். யார் ஊக வணிகர் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

1972-இல் இதை முன்வைத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின். டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் சொன்னது நாணய மாற்றுக்கு மட்டும். பங்குகளுக்கு வரி போடுவது அதற்கு முன்பே பல நாடுகளில் இருந்தது.

சரி, போட்டுப் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? சுவீடன் 1984-இல் பங்குகளுக்கு வரி கொண்டுவந்து, 1986-இல் அதை இரட்டிப்பாக்கியது. வரி உள்ளூர்த் தரகர் வழியாக நடக்கும் வியாபாரத்துக்குத்தான், எனவே பெரிய முதலீட்டாளர்கள் சத்தமில்லாமல் லண்டன் தரகர்களிடம் போய்விட்டார்கள். 1991-இல் வரியையே தூக்க வேண்டியதாயிற்று. அந்த லண்டனிலேயே பங்குகளுக்கு 0.5% முத்திரை வரி உண்டு என்பதுதான் வேடிக்கை! அது பிரிட்டிஷ் நிறுவனத்தின் பங்கோடு ஒட்டிக்கொண்ட வரி, உலகின் எந்த மூலையில் உட்கார்ந்து வாங்கினாலும் கூடவே வரும், அதனால் இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே வரி என்று 2011-இல் ஆரம்பித்த பேச்சு கரையேறவில்லை. பிரான்ஸ் மட்டும் காத்திருக்காமல் 2012-இல் பெரிய நிறுவனப் பங்குகளுக்கு 0.2% போட்டது, பிறகு விகிதத்தை ஏற்றவும் செய்தது. ஆனால் அன்று விற்றது போக நாள் முடிவில் கையில் நிகரமாகச் சேர்ந்த பங்குகளுக்குத்தான் வரி. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடுகிறவர், அதாவது யாரைக் காட்டி இந்த வரிக்கு ஆதரவு திரட்டினார்களோ அதே ஆள், ஒன்றும் கட்ட வேண்டாம். 2018 முதல் அவரையும் சேர்ப்பதாகச் சட்டம் செய்தார்கள், அமலுக்கு வருவதற்குள் அவர்களே அதை நீக்கியும் விட்டார்கள்.