கறுப்பு மணலும் புகைவிடும் திரவமும்

"புல்மோட்டைக் கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பெயின்ற் வருகிறதாமே, உண்மையா?" என்று நிலாவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார். உண்மைதான் தங்கச்சி.

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் அந்தக் கறுப்பு, இல்மனைற்று: இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். பெயின்றுக்கு வேண்டியது தைத்தேனியம் ஈரொட்சைட்டு மட்டும். இரும்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வெள்ளை பழுப்பேறிவிடும். கழுவிப் பிரிக்கலாமென்றால் தண்ணீரில் கரையாது. தைத்தேனியம் ஈரொட்சைட்டை உருக்கவோ 1800 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். சல்பூரிக்கமிலத்தில் கரைக்கும் பழைய முறை ஒன்று உண்டு, அதை விடுவோம்.

இன்னொரு வழி குளோரின். இரும்பைப் பெருமளவு நீக்கிய தாதுவைக் கற்கரியோடு சேர்த்து, ஏறத்தாழ 1000 பாகையில் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். கரி ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு போகும்; அந்த இடத்தில் குளோரின் குந்திக்கொள்ளும். கிடைப்பது தைத்தேனியம் நாற்குளோரைட்டு.

குளோரைட்டு என்றதும் உங்களுக்கு நிலாவெளி உப்பளம்தான் ஞாபகம் வரும். அந்த உப்பு உருக 801 பாகை வேண்டும். இதுவோ அறை வெப்பநிலையிலேயே நிறமற்ற திரவம். 136 பாகையில் கொதித்துவிடும்! உப்பு ஒரு கூட்டுக்குடும்பம்: ஒவ்வோர் அயனும் (மின்னேற்றமுள்ள அணு) சுற்றியுள்ள எதிர் அயன்கள் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும். இங்கே ஒரு தைத்தேனியம் நான்கு குளோரினோடு இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொண்டு நான்முகி வடிவில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. பக்கத்து மூலக்கூறோடு பெரிய ஒட்டுறவு கிடையாது. அதனால்தான், எதிலும் லேசில் கரையாத அந்தக் கல்லைச் சாராயம் வடிப்பதுபோல வடித்துச் சுத்தம் செய்ய முடிகிறது. இரும்புக் குளோரைட்டு கொதிக்க 300 பாகைக்கு மேல் வேண்டும், ஆகவே அது பின்தங்கிவிடும்.

அப்புறம் சூடான ஒட்சிசனைக் கொடுத்தால் பெயின்றுக்கு வேண்டிய வெண்தூள் கிடைக்கும். குளோரின் திரும்பிப் போய் அடுத்த தாதுவைப் பிடிக்கும். ஒட்சிசனுக்குப் பதில் உருகிய மக்னீசியத்தைக் கொடுத்தால் கிடைப்பது விமானத்துக்கும் செயற்கை இடுப்பு மூட்டுக்கும் போகும் தைத்தேனியம் உலோகம். அது லக்சம்பேர்க்கில் பிறந்த வில்லியம் குரோல் கண்ட வழி. இலங்கையில் நாமோ மணலை மணலாகவே கப்பலேற்றுகிறோம். இந்த வேதியியலுக்கு ஓர் ஆய்வுகூடம் கட்டக் காசில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

இந்த நாற்குளோரைட்டுத் திரவம் உள்ள போத்தலைத் திறந்தால், காற்றின் ஈரம் பட்டதுமே வெண்புகை கிளம்பும். அந்தப் புகையிலும் பெயின்றுக்குப் போகும் அதே வெள்ளை ஒட்சைட்டுத்தான் இருக்கிறது. கூடவே ஐதரசன் குளோரைட்டு. போரில் கப்பல்களை மறைக்கப் புகைத்திரையாக இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூச்சில் ஏறினால் நெஞ்சு எரியும். திருகோணமலைக் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு அது எப்படிப் புகையும் என்று யோசித்துப் பாருங்கள், திறந்து பார்க்க வேண்டாம்.