எழுபது வயதில் தூக்கம் போனால், ஏழு வயதைப் பற்றியும் கேளுங்கள்

"தூக்கம் வரலை டாக்டர். ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க, போதும்." என்னிடம் வரும் முதியவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மனசைப் பற்றிப் பேசக் கூச்சம். தூக்கத்தைப் பற்றிப் பேசுவது சுலபம்.

எழுபதைக் கடந்த ஓர் அம்மா வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கணவர் போனதிலிருந்து தூக்கமே இல்லை என்றார் மகள். துக்கம்தான் காரணம் என்று நானும் முதலில் நினைத்தேன். இரவில் என்னென்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் படுப்பாராம். இரண்டு மணிக்கு எழுந்து மறுபடி பார்ப்பாராம். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்குமாம்.

"இது எப்பலேர்ந்தும்மா?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பா குடிச்சிட்டு வருவார். வாசல்ல செருப்புச் சத்தத்தை வெச்சே இன்னிக்கு அடி உண்டா இல்லையான்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்."

கல்யாணத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கியிருக்கிறார். கணவர் எப்போதும் கதவுப் பக்கம்தான் படுப்பாராம். அவர் போனதும் காவலும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மகளுக்கு இதெல்லாம் அன்றுதான் தெரியும்.

பயத்தில் வளரும் குழந்தையின் உடம்பு இரவிலும் விழிப்போடு இருக்கப் பழகிவிடுகிறது. கார்டிசால் முதலான அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கவைக்கும் அமைப்பு, சின்னச் சத்தத்துக்கும் பொங்கி எழுகிறது. வேலை, பிள்ளைகள் என்று ஓடும் வயதில் இது அவ்வளவாகத் தெரியாது. ஓய்வு, தனிமை, துணையின் இழப்பு என்று வரும்போது வெளியே தலைகாட்டும். வயதானால் ஆழ்ந்த தூக்கம் இயல்பாகவே குறைவதால், முன்பு எழுப்பாத சத்தமும் இப்போது எழுப்பிவிடும்.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் தலைமையில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். முதல் முடிவுகள் 1998இல் வெளியாயின. அடி, வசவு, பாலியல் கொடுமை, கவனிப்பின்மை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்றில் இருவர் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடின. துன்பப்பட்ட எல்லாருமே நோயாளி ஆவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாத் தூக்கமின்மைக்கும் பால்யம் காரணமல்ல. குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, இரவில் அடிக்கடி சிறுநீர் போவது, மூட்டுவலி, சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுகிறேன். ஆனால் தூக்கமின்மையை வயசானால் அப்படித்தான் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. அது நீடித்தால் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு.

கேட்ட மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது எனக்கும் எளிது. முதியவர்களுக்குத் தூக்க மாத்திரை தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் தரும். பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீடித்த தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையில்லாத நடத்தைச் சிகிச்சைதான். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிடம் புரண்டும் வராவிட்டால் எழுந்துபோய் உட்கார்வது என்று போகும். அந்த அம்மாவுக்கு இதோடு கட்டிலையும் கதவு கண்ணில் படும்படி திருப்பிப் போடச் சொன்னேன். சில மாதங்களில் தாழ்ப்பாளை ஒருமுறை மட்டும் பார்க்கும் அளவுக்கு வந்தார். பழைய பயத்தைப் பற்றிய பேச்சு இன்னும் தொடர்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அவர்களாகச் சொல்லத் தொடங்கினால், "அது பழைய கதை, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லாதவரைத் துருவவும் வேண்டாம். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று பேசத் தொடங்கினால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.