சீனிக்கு வந்த கோபம் இல்லை அது

"மிஸ், நான் பிள்ளைய அடிச்சிட்டேன்" என்றுதான் அந்த அக்கா பேச்சைத் தொடங்கினார். நாற்பது வயது இருக்கும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். மூன்றாம் ஆண்டு படிக்கிற மகன் சீனிப் போத்தலைக் கீழே போட்டுவிட்டான். போத்தல் உடைந்து, இருந்த சீனி எல்லாம் கண்ணாடித் துண்டுகளோடு கலந்துவிட்டது. எத்தனை அடி அடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை, பக்கத்துக் காம்பராக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தபிறகுதான் நிறுத்தியிருக்கிறார். "எனக்குப் பைத்தியம் புடிக்கப் போகுதோன்னு பயமா இருக்கு. முன்னெல்லாம் நான் இப்படி இல்ல."

நான் இலங்கையின் மலையகத்தில் உளவளத்துணையாளராகப் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். 'முன்னெல்லாம் நான் இப்படி இல்ல' என்ற இந்த வாக்கியத்தைக் கடந்த மூன்று நான்கு வருஷத்தில் கேட்ட அளவுக்கு அதற்கு முன் கேட்டதில்லை. அதைவிட அதிகமாகக் கேட்பது அதன் மறுபக்கத்தை: "இப்ப ஆட்கள் முந்தி மாதிரி இல்ல மிஸ், மொகத்தப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டேங்குறாங்க, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாங்க."

இப்படி வருகிறவர்களிடம் நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்பேன். அன்றைக்கு விடிந்ததிலிருந்து யார் யாரோடு பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அந்த அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.)

நாலரைக்கு எழும்பியிருக்கிறார். குழாயில் தண்ணீர் இல்லை, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் வர நேரமாகிவிட்டது. காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பிரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனதற்கு ஏச்சு, அதற்குச் சொன்ன பதில் "சரிங்க ஐயா". மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தன் கணக்குக்குப் பத்தொன்பது கிலோ இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மழைத் தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழித்ததில் பதினாறு என்று எழுதினார்கள், அன்றைக்கு அரைப்பேர்தான். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், தோட்டம் குறிக்கிற கிலோ வராவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரைநாள் சம்பளம்தான், அதற்குப் பெயர்தான் அரைப்பேர். அதற்கும் "சரிங்க". வரும் வழியில் லோன் காசு வசூலிக்க வந்த பையன், மூத்த மகன் வயதுகூட இருக்காது, நாலு பெண்கள் பார்க்கச் சத்தம் போட்டிருக்கிறான். "சரிங்க தம்பி, வெள்ளிக்கிழமை தந்துர்றேன்." கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிற கணவர் போன் எடுத்து, இந்த மாதம் காசு அனுப்ப முடியாது என்றிருக்கிறார். "சரி." மகளின் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் ஏதோ நிகழ்ச்சிக்குக் காசு கேட்டு ஒரு செய்தி. அதற்கும் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.

ஐந்து 'சரி'. ஆறாவது ஆளாகச் சீனிப் போத்தலோடு மகன்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். படிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் நேரம் எடுத்துப் படித்தார். அப்புறம் அவரே சொன்னார்: "இவன்கிட்ட மட்டுந்தான் மிஸ் நான் சரின்னு சொல்லத் தேவையில்ல."

உளவியலில் இதற்கு இடமாறிய கோபம் என்று பெயர் உண்டு, 1930களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். கோபம் பிறந்த இடத்தில் அதைக் காட்ட முடியாது, காட்டினால் வேலை போகும், கடன் நெருக்கும், பெயர் கெடும். அதனால் எங்கே காட்டினால் செலவு குறைவோ அங்கே போய் இறங்கும். வீட்டில் பிள்ளை, வெளியில் பஸ் கண்டக்டர், கடைப் பையன், ஆஸ்பத்திரியில் துண்டு கொடுக்கிறவர். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நம்மேல் எரிந்து விழுகிற அந்த மிஸ்ஸிடமும் இதேபோல ஒரு தாள் இருக்கிறது, அதில் நாம் இருபதாவது ஆளாக இருப்போம்.

சரி, உண்மையிலேயே மனிதர்கள் முன்பைவிட மோசமாகிவிட்டார்களா? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாஸ்ட்ரோயானி, கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2023இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குறைந்தது 60 நாடுகளில், எழுபது வருஷத்துக்கு மேலாகவே, ஆட்களின் நல்ல குணம் குறைந்துகொண்டு போகிறது என்று மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் பல வருஷமாகவே, 'உங்களைச் சுற்றி இருப்பவர்கள் இப்போது உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்' என்று கேட்டால் வருகிற பதிலில் பெரிய மாற்றமே இல்லை. என் பாட்டியும் 'அந்தக் காலத்து ஆளுங்க தங்கம்' என்பார். அதே பாட்டிதான் பீலியில் குடம் வைக்கும் முறைக்காகப் பக்கத்து லயத்துக்காரியோடு (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர். ஆகவே அந்தக் காலத்தைத் தங்கமாக்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது, அதைத் தினமும் பார்க்கிறேன். ஆட்களின் குணம் அப்படியே இருக்கிறது, பொறுத்துப்போவதற்கு உடம்பிலும் நாளிலும் இருந்த மிச்சம்தான் தீர்ந்துபோயிருக்கிறது.

1973இல் வெளிவந்த ஒரு ஆய்வு இது. டார்லி, பேட்சன் என்ற இருவர், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கிற நாற்பது மாணவர்களை வைத்துச் செய்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், போகிற வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கனவே பிந்திவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பாதிப்பேர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! சாமி படிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கே அவசரம் என்றால் கண் மறைக்கிறது, ஆறு மணி பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்கு அடுத்த பஸ் இல்லை என்று ஓடுகிறவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று கோவித்து என்ன பயன்?

நம் பக்கத்தில் அந்த மிச்சம் எப்படித் தீர்ந்தது என்பது யாருக்கும் புதிய விஷயம் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலைகள் ஒரு வருஷத்துக்கு முந்தியதைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தன. தோட்டச் சம்பளம் 2021இல் நாளுக்கு ஆயிரம் ரூபாய் ஆனது, 1350 ஆனது 2024இல்தான். இடையில் இருந்த அந்த மூன்று வருஷத்தை ஒவ்வொரு வீடும் எதையாவது விழுங்கித்தான் கடந்தது. விலை ஏறும் வேகம் அப்புறம் குறைந்தது, ஆனால் அடகு வைத்த தோடு இன்னும் திரும்பவில்லை, எடுத்த லோனும் முடியவில்லை.

அதோடு வீடுகள் பாதி காலியாகிவிட்டன. அப்பா கொழும்பில் கடையில், அம்மா குவைத்திலோ சவூதியிலோ, பிள்ளைகள் அப்பாயியிடம். முன்பு ஒரு லயத்தில் ஒருவருக்குக் கோபம் வந்தால் குறுக்கே விழ நாலு பேர் இருந்தார்கள், ஒரு டிவிக்கு முன்னால் ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. இப்போது ஆளுக்கொரு போன், அதில் டிக்டொக், அதில் யாரோ யாரையோ திட்டுகிற வீடியோ. போனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதிகம் சொல்லவில்லை.

பலர் எழுதாதது தூக்கத்தைப் பற்றி. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் எத்தனை குடும்பங்களைப் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் கொண்டுபோய் வைத்தன என்பதை நாம் பார்த்தோம். எதையும் இழக்காமல் வீடு திரும்பியவர்களும் மழை பெய்தால் தூங்குவதில்லை. தகரத்தில் சத்தம் கூடும்போது எழும்பி உட்கார்ந்து மேட்டுப் பக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. தூக்கம் இழந்த மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற சின்னப் பகுதி கூடுதலாகத் துள்ளும், அதை அடக்கி வைக்கிற முன்பகுதியின் பிடி தளரும். 2007இல் வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், தூங்காமல் விடப்பட்டவர்களின் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாக எதிர்வினை காட்டியது. அதனால் ஒருவர் எரிந்து விழுகிறார் என்று அழைத்து வந்தால் நான் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்கு எழும்புனீங்க?"

அடுத்தது உடம்பு. ரத்தசோகை உள்ளவருக்குக் களைப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும், நம் பெண்களிடம் இது நிறைய. ரொட்டியோடு கடுஞ்சாயம் குடிப்பது நம் பழக்கம், ஆனால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலைச் சாயம் குறைக்கும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது. (தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு என்னை யாரும் ஏசாதீர்கள்.) தைரொயிட் அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் கோபமும் வரும். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் முன்கோபமாகவும் குடியாகவும் வரும், வீட்டார் 'குணம் கெட்டுப்போச்சு' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் ஒருமுறை கிளினிக்கில் காட்டுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் இளகுவதில்லை. "கோபம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது மிஸ்" என்று அடிவாங்கிய மனைவியே கணவருக்காக வாதாடுவார். நான் கேட்பேன்: தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்கும்போது கண் தெரியாமல் போனதுண்டா? கங்காணியை எப்போதாவது கை நீட்டியிருக்கிறாரா? இதற்கு இதுவரை யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று அந்தக் கோபத்துக்கு நன்றாகவே தெரிகிறது. அப்படி நடக்கும் வீட்டில் உளவளத்துணை மட்டும் போதாது. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளையை அடித்த அந்த அக்காவுக்கும் இதே கணக்குத்தான், தாள் காரணத்தைக் காட்டியதே தவிர அவர் செய்ததைச் சரியாக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் வந்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முதல் வாரம் ஒரு பேக்கரியில், மிச்சக் காசு தரச் சுணங்கிய பையனை அத்தனை பேர் முன்னால் ஏசிவிட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து ஏழு பேரின் கதையைக் கேட்டிருந்தேன், மத்தியானம் சாப்பிடவில்லை, மேலதிகாரி ஒருவருக்கு இரண்டு 'சரி சேர்' வேறு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்ப மிஸ்?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. ஏசுகிற ஆட்களில் நான் யாரென்று அவன் எங்கே கணக்கு வைத்திருக்கப் போகிறான்.

கோபத்தை வெளியே கொட்டினால் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் முன்பு, "கோபம் வந்தா ஒரு ஓட்டம் மேட்டு ரோட்டுல ஏறிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். 2024இல், 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. உடம்பின் வேகத்தைக் கூட்டுகிற காரியங்கள், குத்துவது, ஓடுவது போன்றவை, மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை. வேகத்தைக் குறைக்கிறவைதான் உதவின, நிதானமாக மூச்சு விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் போன்றவை. அதனால் மேட்டு ரோட்டை விட்டுவிட்டேன். ஓட்டம் உடம்புக்கு நல்லதுதான், கோபத்துக்கு மருந்து என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரைப்பேருக்கு வருகிற கோபத்தை ஆற்றிவிடுவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை. அது நியாயமான கோபம். அது போக வேண்டிய இடம் சங்கம், கூட்டம், தொழில் திணைக்களம். நானும் அந்த அக்காவும் பேசியது, அது மகன்மேல் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை மட்டும்.

அவர் கண்டுபிடித்த வழி நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. வேலை முடிந்து வந்தால் நேரே குசினிக்குப் போவதில்லை. கூடையை இறக்கிவிட்டு வாசல் பக்கத்து இஸ்தோப்பில் ஒரு பத்து நிமிஷம் உட்காருவார், மகள் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். முதல் இரண்டு வாரம் மகன் கிட்டவே வரவில்லையாம், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். நாலாவது தடவை என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார், இப்போது கூடையை இறக்கும்போதே அவன் படியில் நின்றுகொண்டு முதல் கேள்வி கேட்கிறான்:

"அம்மா, இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"