அரைத்த மசாலாதான், ஆனால் எத்தனை மணிக்கு அரைத்தது?

"அம்மியில் அரைத்த மசாலா" என்று பலகை வைக்காத செட்டிநாட்டு ரெஸ்டாரன்ட் இப்போது அபூர்வம். ஹோட்டல் சமையலறைகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை அம்மி வாசலில் அலங்காரத்துக்கு இருக்கும்; அரவை உள்ளே கிரைண்டரில் நடக்கும். அதில் தப்பில்லை.

முழுச் சரக்கு வாங்கி அரைப்பதில் பெரிய லாபம், கலப்படத்துக்கு இடம் குறைவு. 'சூடான்' என்ற, உணவில் சேர்க்கக் கூடாத சிவப்புச் சாயம் கலந்த மிளகாய்த்தூளால் 2005-இல் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. தூளைத் தண்ணீரில் தூவிப் பார்க்கும் வீட்டுச் சோதனையில் சிக்கவும் சிக்காது. முழு மிளகாய் என்றால் உடைத்துப் பார்க்கலாம். உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் பூத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

சரி, அரைத்த பிறகு?

ஒரு கடையில் மாலை நான்கு மணிக்கு அடுப்போரம் ஒரு எவர்சில்வர் அண்டா. தேங்காய், சோம்பு, கசகசா, வரமிளகாய் சேர்த்துக் காலை ஆறு மணிக்கு அரைத்த விழுது. தெர்மாமீட்டரைச் செருகினேன்: 34 டிகிரி. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள்.

"கொதிக்கவைக்கத்தானே போறோம் மேடம்?" என்றார் சரக்கு மாஸ்டர்.

எல்லா மாஸ்டர்களும் கேட்கும் கேள்விதான். மண்ணில் விளைந்து வெயிலில் காய்ந்து வரும் மிளகிலும் மல்லியிலும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கும். கொதித்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். உலர்ந்த பொடியில் தூங்கிக் கிடக்கும். தண்ணீரும் வெதுவெதுப்பும் கிடைத்தால் விழித்துப் பெருகும். அது விடும் நஞ்சில் ஒரு வகை, கொதிநிலைக்கும் அசையாது. வாந்தி எடுத்தவர் பிரியாணியைத்தான் திட்டுவார், விழுதை யார் நினைக்கப் போகிறார்கள்?

அதனால் நான் சொல்வது: வறுத்துப் பொடிப்பதை இரண்டு மூன்று நாளுக்குச் செய்துகொள்ளுங்கள், ஈரம் படாமல் மூடி வையுங்கள். தண்ணீர் விட்டு அரைப்பதை மட்டும் வேளைக்கு வேளை செய்யுங்கள். மிச்சத்தை அண்டாவோடு ஃபிரிட்ஜில் ஏற்றாதீர்கள், நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலத் தட்டில் பரப்பி, 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மேலே அரைத்த நேரம் எழுதியிருக்கட்டும். சாப்பிட வருபவர்களும் "எப்போ அரைச்சது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்த முறை போனபோது தட்டுகளில் டேப் ஒட்டியிருந்தார் மாஸ்டர். மூன்றில் மணி இருந்தது. நான்காவதில் "காலை" என்று மட்டும். எத்தனை மணி என்றேன். சிரித்துக்கொண்டே அந்தத் தட்டை எடுத்துக் கொட்டப் போனார்.