வளரறி: உலை கொதிக்கும்போதே பதம் பார்ப்பது

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ‘வளரறி மதிப்பீடு’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் யோசிப்பார். ‘எஃப்.ஏ.’ என்றால் சட்டென்று புரிந்துவிடும். கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவரின் புரிதலைப் பார்ப்பதற்கான பெயர் அது. 2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்த முப்பருவ முறையோடு வகுப்பறைக்குள் வந்த சொல் இது. வளரறிக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதும் செயல்பாட்டுக்கு 20, சிறுதேர்வுக்கு 20 என்று பிரிந்து பதிவேட்டில் ஏறியது. சொல்லின் பொருள் தொலைந்தது அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்; அதன் சுருக்கமே எஃப்.ஏ. ‘ஃபார்மா’ என்ற லத்தீன் சொல்லுக்கு உருவம் என்று பொருள். 1967இல் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் ‘ஃபார்மேட்டிவ்’, ‘சம்மேட்டிவ்’ (நம் வளரறி, தொகுத்தறி) என்ற இணையை முன்வைத்தபோது அவர் பேசியது பாடத்திட்டங்களைப் பற்றி. உருவாகிக்கொண்டிருக்கும்போதே சோதித்துத் திருத்துவது ஒன்று. உருவான பிறகு தேறுமா என்று பார்ப்பது மற்றொன்று. அதை மாணவர் கற்றலுக்கு நகர்த்தியவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம். மற்றொரு மதிப்பீட்டு அறிஞர் ராபர்ட் ஸ்டேக் இன்னும் எளிதாகச் சொன்னார்: சூப்பைச் சமையற்காரர் சுவைத்தால் முன்னது, விருந்தாளி சுவைத்தால் பின்னது. நம் அடுப்படியில் இதற்குப் பதம் பார்ப்பது என்று பெயர்.

நேராகப் பெயர்த்தால் ‘உருவாக்க மதிப்பீடு’ என்று வரும். மதிப்பீட்டையே யாரோ உருவாக்குவதுபோல் ஒலிக்கிறது, வேண்டாம். ‘வளரறி’ நல்ல ஆக்கம். ‘தொகுத்தறி’யில் உள்ள ‘தொகுத்து’ இறந்தகால வினையெச்சம்; வேலை முடிந்துவிட்டது. ‘வளர்’ காலம் காட்டாத வெறும் பகுதி. வளர்ச்சி இன்னும் நடக்கிறது. இலக்கணமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

ஒரு காட்சி. 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்கிறோம். முன்வரிசைப் பிள்ளை 5/6 என்கிறாள். சரி, புரிந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போகிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி வகுப்பறையில் மட்டும் செல்லாது. எல்லாரையும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் பின்வரிசையில் பல சிலேட்டுகளில் 2/5 இருக்கும். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார்கள். “அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?” என்று கேட்டு ஆசிரியர் பாடத்தைத் திருப்புகிறாரே, வளரறி அந்த இடத்தில்தான் நடக்கிறது. அவர் திருப்பாமல் 2/5க்குச் சுழியம் போட்டுவிட்டுப் போனால் அது வெறும் தேர்வு, எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

மதிப்பெண் இங்கே இடைஞ்சல்கூட. இஸ்ரேலியப் பள்ளிகளில் ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போகவில்லை போலும்.

இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 1998இல் இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியவர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற கல்வி ஆய்வாளர்கள். வில்லியமே பின்னாளில், இதற்கு ‘மதிப்பீடு’ என்று பெயர் வைத்தது தவறு, மாணவர் நிலைக்கேற்பக் கற்பித்தல் என்ற பொருளில் பெயர் வைத்திருக்க வேண்டும் என்றார். இங்கிலாந்தில் 140 இடைநிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள்; முடிவு 2018இல் வந்தது. வெளியிலிருந்து ஆள் வந்து ஒருநாள் உரையாற்றிவிட்டுப் போகும் பயிற்சி அல்ல. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே இரண்டாண்டு மாதந்தோறும் கூடி, வகுப்பில் தாங்கள் செய்து பார்த்ததைப் பேசினார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மாதக் கற்றல் அளவுக்கு முன்னே இருந்தார்கள்.

ஆக, நம் சொல்லில் பழுது ‘வளரறி’யில் இல்லை, ‘மதிப்பீடு’ என்ற வாலில் இருக்கிறது. பதிவேட்டில் அது இருந்துவிட்டுப் போகட்டும். பயிற்சிக் கூட்டத்தில் ஒருமுறை ‘பதம் பார்த்தல்’ என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை மதிப்பெண்ணுக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.